கௌசல்யா சொல்லிக்கொடுத்த மூன்று பதில்கள்

கிழக்கேகோட்டையில் கௌசல்யா வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பெண்கள் ஆறு பேர், ஸ்டூல் ஒன்று. கடைப் பெண்கள் உட்காரலாம் என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது. சட்டம் வந்த வருஷம் முதலாளி அந்த ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டார். இப்போது அதன்மேல் வேட்டிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. இருபத்தைந்து வயதுக் கௌசல்யா காலை முதல் கடை அடைக்கும் வரை வலது காலில் நிற்பாள். இடது முழங்கால் பத்தாம் வகுப்பிலேயே போய்விட்டது. மாவட்டக் கபடி பைனலன்று வீங்கியிருந்த முட்டில் ஸ்பிரே அடித்து, துணி சுற்றி, "போடி புலி" என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்கள். கோப்பை பள்ளிக்கூடத்து அலமாரியில் இருக்கிறது. முட்டு அவளோடு இருக்கிறது.

தங்கை அனுஷாவுக்குப் பத்தொன்பது வயது. ஐம்பது கிலோ எடைப் பிரிவில் குத்துச்சண்டை போடுகிறவள். அப்பா சொரிமுத்து அம்பாசமுத்திரத்திலிருந்து கான்கிரீட் வேலைக்கு வந்தவர். கழக்கூட்டத்தில் அவர் ஏற்றிய மாடிகளை எண்ணி முடியாது. குடியிருப்பது வலியசாலைக்குப் பின்னால் ஓர் ஒற்றையறை வாடகை வீட்டில்.

கௌசல்யாவின் பயம் ஒரு வியாழக்கிழமை தொடங்கியது. பயிற்சியில் அனுஷாவின் எடைக்குச் சரியான ஆள் இல்லை என்று எட்டுக் கிலோ கூடுதலான பெண்ணோடு மோதவிட்டார் கோச் பிபின். காதுக்கு மேலே ஒரு குத்து. விழவில்லை, தள்ளாடக்கூட இல்லை. சாயங்காலம் பஸ் இறங்கி அக்காவும் தங்கையும் நடந்து வரும்போது அனுஷா ஒரு சந்தில் திரும்பி, யார் வீட்டுக் கேட்டையோ தள்ளிக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் காலி பண்ணிய வீடு அது.

"ஏட்டி, பழைய வீட்டுக்காரி மேல அம்புட்டுப் பாசமா?" என்று கௌசல்யா சிரித்தாள். அனுஷா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அனுஷா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அம்மா மாடம்மாள் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, அய்யனார் கோயில் திருநீற்றை நெற்றி நிறையப் பூசினாள். உப்பு படபடவென்று வெடித்தது. மண்டைக்குள் ஏதாவது வெடித்திருந்தால் அதைப் பார்க்க உப்புக்குக் கண் கிடையாது.

"பிபின் சார்ட்ட சொல்லிருவோம்" என்றாள் கௌசல்யா.

"சொன்னா டாக்டரு என் மெடிக்கல் புக்குல எழுதிருவாரு. ஒரு மாசம் ரிங்குப் பக்கம் போக முடியாது. சனிக்கிழமை கால் இறுதி, யக்கா. செயிச்சா வெண்கலம் உறுதி. மெடல் இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். நீ மட்டும் முட்டு வீங்கிப் போயி பைனல் ஆடலியா?"

இதற்குக் கௌசல்யாவிடம் பதில் இருந்தது. கபடியில் முட்டு வலித்தால் முட்டே கத்தும். முடியாவிட்டால் வெளியே வந்து உட்காரலாம், இன்னொருத்தி உள்ளே போவாள். கால்பந்துக்காரன் நொண்டினால் கைகாட்டி மாற்றிவிடுவார்கள். கிரிக்கெட்காரன் காயம் என்று சொல்லிப் போய், தேவைப்பட்டால் திரும்பி வந்து மட்டை பிடிப்பான். ரிங்கில் மாற்று ஆள் கிடையாது. எந்த இடம் காயப்பட்டதோ அதே இடத்தில் குத்தினால்தான் எதிராளிக்குப் புள்ளி. அதைவிடக் கொடுமை, காயம்பட்ட தலையேதான் எனக்குக் காயமில்லை என்று சாட்சியும் சொல்ல வேண்டும்.

இத்தனையும் தெரிந்தும் கௌசல்யா தங்கையைத் தடுக்கவில்லை. வேட்டிக்கட்டு உட்கார்ந்திருந்த ஸ்டூல் அவள் கண்முன் வந்தது. தங்கையும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமா?

அதனால் அவள் செய்த காரியம் இது. போட்டிக் காலையில் நாற்பது பெண்களை வரிசையாக நிறுத்தி டாக்டர் சோதிப்பார். எல்லோரிடமும் கேட்பது மூன்றே கேள்வி, வருஷா வருஷம் அதே வரிசை. இன்று என்ன கிழமை? நாலு, ஒன்பது, ஆறு, இதைத் தலைகீழாகச் சொல். தலைவலி உண்டா? எண்களைக்கூட அவர் மாற்றியதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையின் மண்டைக்கு அவ்வளவுதான் மரியாதை. கடைப் பில்லின் பின்பக்கத்தில் கௌசல்யா பதில்களை எழுதினாள். சனிக்கிழமை. ஆறு, ஒன்பது, நாலு. இல்ல சார். வெள்ளிக்கிழமை முழுக்க, பல் தேய்க்கும்போதும் சோறு தின்னும்போதும் தங்கையைச் சொல்லவைத்தாள்.

சனிக்கிழமை காலை டாக்டர் நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பெண்கள் ஆடும்போது மூலையில் ஒரு பெண் துணை இருக்க வேண்டும் என்று பிபின் முன்பே கௌசல்யாவின் பெயரைக் கொடுத்திருந்தார். மத்தியானம் அவள் தண்ணீர் பாட்டிலும், தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை நிறுத்த எறியும் வெள்ளைத் துண்டுமாக ரிங்குக்குக் கீழே நின்றாள். எதிராளி கண்ணூர்ப் பெண், இடதுகைக்காரி.

முதல் சுற்றில் அனுஷா நன்றாகவே ஆடினாள். கடைசி நிமிஷத்தில் இரண்டு குத்து தலைக்கவசத்தில் விழுந்தது. நனைந்த மணல்மூட்டையைத் தரையில் போட்ட சத்தம். கௌசல்யாவுக்கு மட்டும் அது அந்தப் பழைய வீட்டுக் கேட்டைத் தள்ளிய சத்தமாகக் கேட்டது.

மணி அடித்தது. பிபின் உள்ளே ஏறி ஸ்டூலைப் போட்டார். அனுஷாவுக்கு ஸ்டூல் கிடைப்பது அந்த ஒரு நிமிஷந்தான். கௌசல்யா கயிற்றின் இடுக்கில் பாட்டிலை நீட்டினாள்.

"தண்ணி குடிக்கியாட்டி?"

"சனிக்கிழமை" என்றாள் அனுஷா.

பிபின் சிரித்தார். "தமாசு பறையுன்னு. சூப்பர் மோளே, இடது கையை மேல வை, கேட்டோ!"

கௌசல்யா பாட்டிலைக் கீழே வைத்தாள். "ஏட்டி, என்னப் பாரு. கை வலிக்கா?"

"ஆறு, ஒன்பது, நாலு."

"அனு... நான் யாரு?"

"இல்ல சார்."

அவள் சொல்லிக்கொடுத்த வரிசை மாறவே இல்லை.

"சாரே, நிறுத்துங்க. இவளுக்கு வியாழக்கிழமையே அடிபட்டிருக்கு."

"எடி, மிண்டாதே, பேசாதே! குட்டிக்கு ஒரு குழப்பமும் இல்லா. ஃபுட்பால்காரன் காத்து பட்டாலே விழுந்து உருளுவான். இது பாக்ஸிங்காணு. ரெண்டு சுற்று, பின்னே மெடல்!"

மணி அடித்தது. அனுஷா எழுந்தாள். கால்கள் பழக்கத்தில் சரியாகவே நடந்தன. பார்க்கிறவர்கள் கைதட்டினார்கள். எதிராளியின் இடது தோள் பின்னால் போவதைக் கௌசல்யா பார்த்தாள். அந்தக் கை வந்து சேருவதற்கு முன் துண்டு ரிங்குக்குள் விழுந்திருந்தது. தான் எறிந்ததே அவளுக்கு அப்புறந்தான் தெரிந்தது.

நடுவர் இடையில் புகுந்து கைகளை விரித்தார். கண்ணூர்ப் பெண் திகைத்து நின்றாள். பிபின் தலையில் கைவைத்துக்கொண்டு, "எடி துரோகி, நீ என்ன காரியம் காணிச்சே?" என்று கத்தினார். கூட்டத்தில் யாரோ ஒருவன், "அக்காவுக்கு அசூயை!" என்று குரல் கொடுத்தான். பொறாமையாம். கௌசல்யா திரும்பிப் பார்க்கவில்லை.

பெஞ்சில் படுக்கவைத்து டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். அனுஷா அக்காவின் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, கால் இறுதி எப்ப? நான் இன்னும் கையில துணி சுத்தலியே."

டாக்டரின் முகம் மாறிற்று. "எப்போ பட்ட அடி? இன்னைக்கா?"

"இன்னைக்கு, இப்போ" என்றார் பிபின் முந்திக்கொண்டு.

கௌசல்யா கைப்பையைத் திறந்து மடித்த கடைப் பில்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "வியாழக்கிழமை, சார். வாந்தி எடுத்தா. வீட்டை மறந்துட்டா. நீங்க கேக்கிற மூணுக்கும் நாந்தான் பதில் சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் எண்ணை மாத்தினதே இல்ல, சார். எல்லாத்தையும் அவ புக்குல எழுதுங்க."

டாக்டர் தாளைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

ஆம்புலன்ஸ் மெடிக்கல் காலேஜை நோக்கிக் கிளம்பியது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றிருந்தார்கள். சைரன் அலறியும் முன்னால் நின்ற பஸ் நகரவில்லை. அனுஷாவின் கண் சொருகிச் சொருகித் திறந்தது. தூங்கவிடக் கௌசல்யாவுக்குப் பயம். கேள்வி கேட்கவும் பயமாயிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தேடிப் பிடித்தாள்.

"ஏட்டி, சின்னதுல நீ என்ன எங்க கடிச்ச?"

பஸ் நகர்ந்தது, ஒரு கடைவரிசை போயிற்று, ஒரு பாலம் போயிற்று. பிறகு அனுஷாவின் கை மெல்ல எழுந்து, துழாவி, அக்காவின் இடது முழங்கைக்குக் கீழே இருந்த பழைய வடுவில் வந்து நின்றது.

சரியான பதில். கௌசல்யா அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடுத்த சிக்னல் வந்ததும் வேறொன்று கேட்டாள்.