திருத்தம் கொடுத்தவரின் காலி நாற்காலி

நாட்டுப்படகுகளை எந்தக் கரையில் ஏற்றலாம் என்பதை அரசே முடிவு செய்ய ஒரு மசோதா, கடந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் மக்களவைக்கு வந்தது. பாம்பனில் எங்கள் கரை பறிபோகும் வேலை அது. நாட்டுப்படகுக்கு விலக்கு கேட்டு எங்கள் உறுப்பினர் திருத்தம் கொடுத்திருந்தார். அதை நேரில் பார்க்க நானும் மைத்துனர் சவரிமுத்துவும் கிளம்பினோம்.

மண்டபத்தில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் காலை சென்னை எழும்பூர். அன்றிரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் டெல்லி வண்டி. இரண்டு இரவுகள், இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். சாப்பாடு கையில் கொண்டு போங்கள். வழியில் கிடைப்பது வாயில் வைக்க லாயக்கில்லை.

பார்வையாளர் மாடத்தில் பேசக்கூடாது. நானாகப் படித்த இங்கிலீஷில் முக்கால்வாசி புரிந்தது. கொஞ்ச நேரம் கூச்சல். பிறகு எங்கள் உறுப்பினரும் இன்னும் பலரும் எழுந்து வெளியே போனார்கள்.

"நம்மாளு போய்ட்டாரு மச்சான். இனி ஒன்னும் ஓடாது" என்று சவரிமுத்து காதைக் கடித்தார்.

எனக்கும் நிம்மதிதான். எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒத்துக்கொள்ளாதவன் எழுந்து வெளியே போய் உட்காருவான். இரண்டு பேர் போய்ச் சமாதானம் சொல்லி அழைத்து வரும்வரை எதையும் முடிவு செய்யக்கூடாது. நானே ஒருமுறை பொழுது சாயும்வரை உள்ளே போகவில்லை. கூட்டம் காத்திருந்தது.

இங்கே கூப்பிட யாரும் போகவில்லை. பிரிவு பிரிவாக வாசித்தார்கள். எங்கள் பிரிவு வந்ததும் திருத்தம் கொடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலி. திருத்தம் முன்மொழியப்படவில்லை என்று சொல்லி அடுத்த பிரிவுக்குப் போனார்கள். இருந்தவர்கள் 'ஆம்' என்றார்கள். மசோதா நிறைவேறிவிட்டது.

சாயங்காலம் உறுப்பினரை அவரது டெல்லி வீட்டில் பிடித்தோம்.

"உங்க பேரைக் கூப்பிட்டாங்களே, கேக்கலையா?"

"வெளிநடப்பு கட்சி முடிவுய்யா. எதிர்ப்பைப் பதிவு செஞ்சிருக்கோம்."

"பதிவாச்சு. படகை எங்கன ஏத்துறது, உங்க வீட்டு வாசல்லயா?" என்றார் சவரிமுத்து.

"உள்ள இருந்தாலும் தோத்திருப்போம்யா."

"தோத்துட்டு வந்திருந்தா உங்க வீட்டுல டீ குடிச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்னையும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மசோதா இன்னும் மாநிலங்களவைக்குப் போக வேண்டும், பிறகு குடியரசுத் தலைவர் கையெழுத்து. மாநிலங்களவையில் வரும்போதும் பார்க்கப் போவேன். நீங்களும் போனால் செல்பேசி, பை எதுவும் கொண்டு போகாதீர்கள். வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அனுமதிச் சீட்டுக்கு உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். அதைக் கேட்கும்போதே, வாக்கெடுப்பு முடியும்வரை இடத்தில் உட்கார்ந்திருப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். மழுப்பினால் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.