வரிசையில் ஒரு வடைவாளி

"ஓம், நானும் பதியத்தான் நிக்கிறன்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

வடக்கிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தவர்கள் பொலிஸில் பெயர் பதிய வேண்டிய காலம் அது. பதிந்தவர் கடை போடலாம்; தெருவில் விற்க முடியாது. கடை முற்பணத்துக்கு எங்கே போவது? தெருவில் விற்றால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் பதிய நிற்பவரை யார் பிடிப்பது? ஆகவே அவர் வடைவாளியோடு வரிசையில் நின்று, நிற்பவர்களுக்கே வடை விற்றார். முறை வரும்போதெல்லாம் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டு வரிசையின் வாலுக்குப் போய்விடுவார். லொட்ஜ் அறையில் தவழும் தங்கப் பேத்திக்குப் பால்மா அந்த வாளியிலிருந்துதான் வந்தது.

அன்று காலை சார்ஜன்ட் வாசலுக்கே வந்துவிட்டார்.

"வடை ஐயா, உள்ள வாங்க. இண்டைக்கு உங்களைத்தான் முதல் பதியிறது."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஸ்ரீஸ்கந்தராசா வாளியை எட்டிப் பார்த்தார்.

"வாறன் மாத்தயா. உள்ளுக்கு எத்தினை பேர் இன்னும் சாப்பிடேல்லை?"