நாற்பத்தேழும் எண்பத்து மூன்றும்

தில்லை நகரில் அந்த மனக்கணக்கு மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே உரிமையாளர் என் அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். இரண்டு வருடம் வேலை பார்த்தால் திரும்பக் கிடைக்கும். பத்தாவது மாதத்தில் ஒரு நாளிதழ் என்னை வேலைக்கான நேர்காணலுக்கு அழைத்தது. திங்கட்கிழமை, அசல் சான்றிதழ்களுடன்.

"ஞாயித்துக்கிழமை டெமோவுல இருபது பிள்ளைங்க சேர்ந்தா எடுத்துட்டுப் போங்க" என்றார் உரிமையாளர்.

டெமோ என்பது பெற்றோர் முன்னால் நான் வேகமாகப் பெருக்கிக் காட்டுவது. எண்களைச் சொல்வது அவர்கள். ஆனால் "நூறுக்குப் பக்கத்துல ரெண்டு நம்பர் சொல்லுங்க" என்று கேட்பது நான். 97, 96 என்பார்கள். நூறுக்கு மூன்று குறைவு, நான்கு குறைவு. 97-இல் நான்கைக் கழித்தால் 93. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 12. விடை 9312. கைதட்டுவார்கள். பிறகு ஐந்தில் முடியும் எண்களின் வர்க்கம், பிறகு பதினொன்றால் பெருக்கல். அந்த வேலிக்குள் மட்டும்தான் எனக்கு வேகம்.

அந்த ஞாயிறு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். அறையில் நாற்பது பேர். ஒரே ஜன்னல், அதையும் பேனர் மறைத்திருந்தது. இரண்டாவது வரிசையில் கிளினிக் சீருடையில் இருந்த ஓர் அம்மா கை தூக்கினார்.

"நீங்க கேக்கற நம்பர் வேணாம் சார். நாப்பத்தேழு பெருக்கல் எண்பத்தி மூணு?"

என்னிடம் இருந்த வழிகளில் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. பின்சுவரில் சாய்ந்திருந்த உரிமையாளர் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இதுக்கு எங்கிட்ட ஷார்ட்கட் இல்லங்க. ஸ்கூல்ல சொல்லித் தந்த மாதிரிதான் போடணும்."

பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போட்டேன். 3901.

"அத எங்க வீட்டுலயே போடுவேனே சார்! அதுக்கு எதுக்கு மூணு மாடி ஏறணும்?"

அறை சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதலில் படிவம் வாங்கியது அந்த அம்மாதான். "தெரியாதத தெரியாதுன்னு சொல்றாரு, பரவாயில்ல" என்று பின்னால் நின்றவரிடம் சொன்னார். இருபத்து மூன்று பிள்ளைகள் சேர்ந்தார்கள். நான் பீரோ பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்கள நம்பித்தான் சேர்ந்திருக்காங்க. இப்பப் போயி உங்கள எப்படிங்க அனுப்புறது?" உரிமையாளர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த நாப்பத்தேழு, எண்பத்தி மூணு நல்லா எடுபட்டுச்சு. அடுத்த வாரமும் யாரையாவது விட்டுக் கேக்க வைப்போம்."

திங்கட்கிழமை நான் எங்கும் போகவில்லை. அடுத்த ஞாயிறு ஒருவர் எழுந்து அதே கணக்கைக் கேட்டார். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன், விடை தெரியாதவனைப் போல மெதுவாக.