சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க

நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். ‘அட்ஜஸ்ட்’ என்ற வினைச்சொல்லின் லத்தீன் வேரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாரம்தான், புகுந்த வீட்டில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள். ‘அட்’ என்றால் நோக்கி, ‘யுக்ஸ்டா’ என்றால் அருகே. ஒன்றை இன்னொன்றின் அருகே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அந்தச் சொல்லின் ஆதிப் பொருள்.

விடிந்ததிலிருந்து வெங்காயம் உரித்ததும் மசாலா அரைத்ததும் பெண்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தது ஆண்கள். எங்கள் முறை வருவதற்குள் குழம்பில் எலும்புதான் மிஞ்சும். பசியில் எனக்குக் கண் இருட்டியது.

“சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்க கண்ணு. நாங்கெல்லாம் பண்ணிக்கலையா?” என்றார் மாமியார்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற சொல்தான். அருகே சேர்க்க வேண்டிய சொல், இந்த வீட்டில் எங்களைத் தள்ளி நிற்கத்தான் சொன்னது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாழை இலையை எடுத்துக்கொண்டு நேராகப் பந்திக்குப் போனேன். மாமனாரின் அண்ணன் பக்கத்தில் இலையைப் போட்டேன்.

“ஏனுங்க பெரிய மாமா, சித்த அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.”

அவர் முறைத்தார். நான் நகரவில்லை. முனகிக்கொண்டே அவர்தான் நகர்ந்தார். கரண்டியோடு திகைத்து நின்ற மாமியார், சட்டென்று ஈரலை அள்ளி என் இலையில் வைத்தார்.

திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த வருடக் கிடா விருந்தில், முதல் பந்தியில், என் பக்கத்து இலை மாமியாருடையது.