எவாரிஸ்தோ கேட்ட நியாயம்

எரிமலை அடிவாரத்து ஊரான அரெகிப்பாவில், எங்கள் தெருவில் எவாரிஸ்தோவைப் போல நியாயம் பேசுகிறவன் கிடையாது. சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், நல்ல சம்பளம். முதல் மனைவி செனைதாவை விட்டுப் பிரிந்தபோது, மகள் யெசெனியாவுக்காக அவன் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பதைப் பிடித்துக் கொடுக்கச் சொன்னது கோர்ட். அன்று ஆரம்பித்தது புலம்பல். "நான் வேர்வை சிந்துறேன், யாரோ உக்காந்து திங்கிறாங்க" என்பான். அந்த யாரோ, அவன் பெற்ற பெண்.

யெசெனியாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஐயாவுக்கு மூளை வேலை செய்தது. இரண்டாம் மனைவி மாரிலுஸைக் கைக்குழந்தையோடு தன் மேலேயே ஜீவனாம்ச வழக்குப் போட வைத்தான். சின்னது பங்கு கேட்டால் மூத்தவள் பங்கு குறையும்; இங்கே பல பேர் செய்கிற காரியம்தான். இருவரும் ஒரே கட்டிலில் தூங்கி எழுந்து, ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார்கள். "இவர் குழந்தையைக் கவனிக்கிறதே இல்ல" என்று அவள் அழுதாள். இவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆமாம் என்றான். கைக்குழந்தைக்கு முப்பது, யெசெனியாவுக்கு இனிமேல் பதினைந்து என்று தீர்ப்பானது. அந்த முப்பது மாரிலுஸின் கணக்கில் விழுந்து, நேராக இவன் பாக்கெட்டுக்கே திரும்பி வந்தது. யெசெனியா படிப்பை விட்டுவிட்டு, அம்மாவின் தள்ளுவண்டியில் மாட்டு இதயத்தைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டு நின்றாள்.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. கார்னிவலில் இவன் வேறொருத்தியின் இடுப்பைப் பிடித்து ஆடியதை மாரிலுஸ் பார்த்துவிட்டாள். இவன் துணிமூட்டை வாசலுக்கு வந்தது. அந்த முப்பது விழுகிற கணக்கின் பேங்க் கார்டு வரவில்லை.

என் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தான். அந்த முப்பதை நிறுத்தச் சொல்லி மறுபடி கோர்ட்டில் மனுப் போட்டான். "அக்கா, நான் எவ்வளவு கஷ்டப்படுறேன்னு ஜட்ஜம்மாகிட்ட வந்து சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினான். போனேன். வேடிக்கை பார்க்கக் கசக்குமா?

"மேடம், மாரிலுஸ் போட்ட கேஸே பொய். அப்ப நாங்க ஒண்ணாத்தான் இருந்தோம்" என்றான்.

"இப்ப?"

"தொரத்திட்டா."

"குழந்தைக்கு என்ன வாங்கிக் குடுக்கிறீங்க?"

"அதான் சம்பளத்துல பிடிச்சுக்கிறாங்களே, மேடம்."

"அப்ப சொன்ன பொய்ய இப்ப நீங்களே நிஜமாக்கிட்டீங்க. பொய் சொன்னதுக்குத் தனியா விசாரணை வரும்" என்ற ஜட்ஜம்மா என் பக்கம் திரும்பினார். "இவர் கஷ்டப்படுறாரா?"

"ரூமுக்கு ஒரு குறையும் இல்லைங்க மேடம். ஜன்னலத் திறந்தா எரிமலை தெரியும்" என்றேன். என் அறையை நானே பழிப்பேனா?

அதோடு வாயை மூடியிருக்கலாம். "இந்தக் கணக்கே அநியாயம்! நியாயமாத் திரும்பப் போடுங்க!" என்று கத்தினான்.

ஜட்ஜம்மா பழைய தீர்ப்பைப் புரட்டினார். "ரெண்டும் உங்க புள்ளைங்கதானே? ஒண்ணுக்கு முப்பது, இன்னொண்ணுக்கு எதுக்குப் பதினஞ்சு? நீங்க சொல்றது சரிதான்."

இரண்டு பேருக்கும் முப்பது முப்பதாகிவிட்டது. வெளியே வந்தவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் தள்ளுவண்டிக்கு வந்தான். திங்கட்கிழமை மறுபடி படிக்கப் போவதாக யெசெனியா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தாம்மா அப்பா கோர்ட்ல நியாயம் கேட்டேன்" என்றான், கொஞ்சமும் கூசாமல்.

அவள் குச்சிகளைத் திருப்பிப் போட்டாள். "எனக்காகக் கேட்டிருந்தா போன வருஷமே கேட்டிருப்பீங்கப்பா. எத்தனை குச்சி வேணும்?"