கார்த்திகையைப் படமெடுக்க வந்தவர்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சர், போன கார்த்திகை தீபத்தன்று தம் வீட்டு விருந்தாளியான ஒரு ஸ்வீடன் நாட்டுப் பெண்மணியை அழைத்து வந்தார்.

"நாடு நாடாப் போய்ப் பண்டிகைங்களைப் படம் எடுக்கிறாங்க அக்கா. ஜப்பான், சிலோன் எல்லாம் முடிச்சிட்டு வந்திருக்காங்க. நீங்க விளக்கேத்தறதை எடுக்கணுமாம்" என்றார்.

படம் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கட்டியிருந்த நூல் புடவையை மாற்றிப் புது நைலான் புடவை உடுத்திக்கொண்டேன். வாசலில் அகல்களை வரிசையாக ஏற்றிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினேன். முந்தானை அகலில் பட்டது எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாள் பார்த்துவிட்டார். கேமராவை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, வாசலில் கிடந்த சாக்கை என்மேல் சுற்றி அழுத்தித் தீயை அணைத்தார். காயத்தில் தடவ டீச்சர் இங்க் புட்டியோடு ஓடி வந்தார். அதைத் தடுத்துவிட்டு, என் கைமேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார் அந்த அம்மாள். முழங்கையில் ஒரு கொப்புளத்தோடு தப்பினேன்.

கேமராவின் லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"லென்ஸ் வேற வாங்கிக்கலாமாம். உங்களை அழாதீங்கன்றாங்க" என்றார் டீச்சர்.

மறுநாள் அந்த அம்மாள் இரவல் கேமராவோடு திருநீர்மலைக் கோயில் தீபத்தைப் படமெடுக்கக் கிளம்பிவிட்டார். அப்படி ஒரு மனதை நான் கண்டதில்லை.

இப்போதெல்லாம் விளக்கானாலும் அடுப்பானாலும், நூல் புடவை கட்டி, முந்தானையை இடுப்பில் செருகிய பிறகே தீக்குச்சியைக் கிழிக்கிறேன். பட்டிக்காடு என்று என் நாத்தனார் கேலி செய்கிறாள். செய்யட்டும்.