தனியே கிடந்த டிஸ்க்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும், வயர் லூஸாக இருக்கும், இல்லையென்றால் எலி. நீங்களும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்த வருஷங்கள். நைனார்பாளையம் பக்கமிருந்து கோதண்டமும் அவர் மனைவி அஞ்சலையும் ஒரு பழைய கம்ப்யூட்டரை வேட்டியில் சுற்றி எடுத்து வந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், மகள் சத்யா படிக்க வாங்கிக் கொடுத்தது. அவளைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில் மறியல், வண்டி நகரவில்லை, ஆட்டோவிலேயே போய்விட்டாள்.

"அவளுக்கு ஒரு சீட்டு கெடைக்கணும்னுதான் தம்பி நானும் அன்னிக்கு வேற எடத்துல ரோட்ல குந்திக்கினு இருந்தேன்" என்றார் கோதண்டம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

இன்டர்வியூவுக்குப் பேசிப் பழக அவள் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாளாம், தினமும் அதைப் போட்டுக் கேட்பார்களாம். இப்போது பாதியிலேயே நீலத் திரை வந்து நின்றுவிடுகிறது. திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று கரி. திரையில் மகள் படம் இருக்கிறதே, அதற்கு முன்னால் அந்த அம்மா தினமும் சாம்பிராணி போட்டிருக்கிறார், உள்ளே இருக்கிற ஃபேன் அத்தனை புகையையும் இழுத்திருக்கிறது.

"நானே கெடுத்துட்டனா தம்பி?"

"இல்லக்கா, தொடைச்சா சரியாப்பூடும்."

ராம் என்கிற மெமரிப் பலகையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன், நீலத் திரை போனது, ஆனால் அவள் குரல் பதிந்திருக்கிற ஹார்டு டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மற்றதாவது ஓடுகிறதா என்று ஸ்விட்சைப் போட்டேன். டிஸ்க் இல்லை என்று திரையில் வந்தது. வரத்தானே வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள். "வணக்கம், என் பெயர் சத்யா."

டிஸ்கைத் திரும்பிப் பார்த்தேன், மேசைமேல்தான் கிடந்தது. ராமில் மிச்சம் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கரண்ட் போனால் அதில் ஒன்றும் நிற்காது. அஞ்சலையக்காவுக்கு இதெல்லாம் என்ன தெரியும், ரிப்பேர் முடிந்தது என்று நினைத்து ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "சாப்ட்டியா கண்ணு?"

குரல் நின்றது. பிறகு, இன்டர்வியூ குரலில் இல்லை, வீட்டில் பேசுகிற அலுத்த குரலில், "இன்னும் இல்லம்மா."

அவ்வளவுதான்.

பிறகு அந்த டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, போராடி, குரலை எடுத்துக் கொடுத்தேன். அது "நன்றி" என்று முடிகிறது. எத்தனை தடவை கேட்டும் அந்தப் பதில் அதில் இல்லை.

இப்போதும் அஞ்சலையக்கா கள்ளக்குறிச்சிக்கு வந்தால் கடைக்கு வராமல் போவதில்லை. கையில் மூடி போட்ட தூக்குவாளி, தொட்டால் சுடுகிறது.

"எங்க இருந்து பேசினாள்னு மட்டும் பாத்துச் சொல்லு தம்பி, சோறு எடுத்துக்கினுதான் வந்திருக்கேன்."